போட்டோவுக்குள்ள எழுத்தை ரகசியமா மறைக்கறது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாக்கறவங்க கண்ணுக்கு அது வெறும் போட்டோ, ஆனா உள்ள ஒரு வரி ஒளிஞ்சிருக்கு, விஷயம் தெரிஞ்சவங்க மட்டும் அதை வெளிய எடுக்கலாம். இதைப் பத்தி எங்கிட்ட கேக்கறவங்க எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேக்கறாங்க, அதனால ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதை விட ஒரே இடத்துல விவரமா எழுதி வச்சிடறேன். நான் ஜிம்ப்ங்கற போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேரை வச்சுத்தான் சொல்லப்போறேன், அது இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாத்துலயும் ஓடும். போட்டோஷாப்ல எங்க மாறுதோ அங்க மட்டும் தனியா சொல்றேன்.

இதுக்குப் பேர் என்ன? பாஸ்வேர்டு போட்டு லாக் பண்றதும் இதுவும் ஒண்ணா?

பேர் ஸ்டெகனோகிராஃபி. கிரேக்கச் சொல்லு, மூடி வச்ச எழுத்துன்னு அர்த்தம் வரும். ஜெர்மனில யோஹான்னஸ் ட்ரிதேமியஸ்ன்னு ஒரு துறவி 1499 வாக்குல எழுதின நூலோட பேர்ல இருந்து வந்தது, அந்த நூல் அச்சுக்கு வந்தது என்னவோ 1606-லதான். ஆனா பழக்கம் அதை விட ரொம்பப் பழசு. ஒரு அடிமையோட தலையை மொட்டையடிச்சு, மண்டைத்தோல்ல செய்தியைப் பச்சை குத்தி, முடி வளர்ற வரைக்கும் காத்திருந்து அப்புறம் அனுப்பி வச்ச கதையைப் பழங்கால கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வச்சிருக்கார்.

லாக் பண்றதும் இதுவும் ஒண்ணு கிடையாது, இதை முதல்லயே மனசுல வச்சுக்கோங்க. லாக் பண்றதுன்னா பீரோவுக்குப் பூட்டு போடறது, பீரோ அங்க இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், சாவி இல்லாம திறக்க முடியாது, அவ்வளவுதான். இது நம்ம பாட்டிங்க கடுகு டப்பாக்குள்ள காசு போட்டு வச்ச மாதிரி. டப்பாவுல காசு இருக்குன்னு யாருக்கும் தோணாது, ஆனா யாராவது ஒருத்தர் டப்பாவைத் திறந்து கையை விட்டாங்கன்னா காசு போச்சு, அங்க பூட்டே இல்ல. அதனால உண்மையிலயே முக்கியமான விஷயம்னா முதல்ல பூட்டுங்க, பூட்டின பிறகு ஒளிச்சு வைங்க. இந்த ஒரு விஷயத்தைத்தான் கீழ பல இடத்துல திரும்பவும் சொல்லப்போறேன்.

எழுத்து அங்கயே இருக்கும்போது கண்ணுக்கு எப்படித் தெரியாம போகுது?

போட்டோங்கறது பொடிப்பொடி புள்ளிகளால ஆனது, ஒரு புள்ளிக்குப் பேர்தான் பிக்சல். ஒவ்வொரு பிக்சலுக்கும் மூணு நம்பர் உண்டு, சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவுன்னு. ஒவ்வொண்ணும் 0-ல இருந்து 255 வரைக்கும் போகும். மூணையும் சேத்தா மொத்தம் 1,67,77,216 நிறம் வருது. நம்ம கண்ணால அத்தனையும் பிரிச்சுப் பாக்க முடியாது, பக்கத்துப் பக்கத்துல 20-ம் 21-ம் இருந்தா நமக்கு ரெண்டும் ஒரே கறுப்புதான். ஆனா கம்ப்யூட்டருக்கு 20 வேற, 21 வேற, அது மங்கலா எல்லாம் பாக்காது, ஒரு நம்பர் வித்தியாசம்னாலும் அதுக்கு வித்தியாசம்தான். கண்ணுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல இருக்கற இந்தச் சந்துலதான் நம்ம எழுத்து போய் உக்காருது.

சரி, ஜிம்ப்ல ஒண்ணு செஞ்சு காட்டுங்க.

சின்னதா ஒரு கறுப்பு கார்டுல ஆரம்பிக்கலாம். புது இமேஜ் எடுங்க, 1000-க்கு 600 பிக்சல் போதும். முன்பக்க நிறத்தைக் க்ளிக் பண்ணா ஒரு கட்டம் வரும், அதுல நிறத்தோட கோட் எழுதற இடத்துல 141414 போட்டு, அந்த நிறத்தால முழு கார்டையும் நிரப்புங்க. அந்த கோட்ல 14-ன்னா சாதாரண கணக்குல 20, அதாவது சிவப்பு 20, பச்சை 20, நீலம் 20. இப்போ டெக்ஸ்ட் டூலை எடுத்து நீங்க எழுத வேண்டியதை எழுதுங்க. ஆனா எடுத்த எடுப்புலயே மறையற நிறத்துல எழுதாதீங்க, என்ன டைப் பண்றோம்னே தெரியாது, தப்பு இருந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. முதல்ல வெள்ளையில எழுதி, எழுத்துப் பிழை எல்லாம் சரி பாத்துட்டு, எழுத்தைச் செலக்ட் பண்ணி நிறத்தை 151515-க்கு மாத்துங்க. மாத்தின அந்த நொடியே எழுத்து கண்ணை விட்டுப் போயிடும், சுத்தி இருக்கற கட்டம் மட்டும் நிக்கும். எத்தனையோ தடவை செஞ்சிருக்கேன், இன்னும் எனக்கு அந்த இடம் அவ்வளவு பிடிக்கும்.

டெக்ஸ்ட் டூல் செட்டிங்ல ஆன்ட்டி அலையாசிங்ன்னு ஒரு டிக் இருக்கும், அதை எடுத்து விட்டுடுங்க. அது எழுத்தோட ஓரத்தை வழவழப்பாக்கறதுக்காக நடுவுல இருக்கற நிறங்களைப் போடும், ஆனா 20-க்கும் 21-க்கும் நடுவுல எந்த நம்பரும் கிடையாதே. எழுத்து சைஸ் ஒரு 50, 60 பிக்சல் வைங்க. எல்லாம் முடிஞ்சதும் இமேஜ் மெனுல ஃப்ளாட்டன் கொடுத்து எல்லா லேயரையும், அதாவது ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கின படங்களை, ஒண்ணாக்கி, எக்ஸ்போர்ட் ஆஸ் போய் பிஎன்ஜியா சேவ் பண்ணுங்க. பிஎன்ஜி மட்டும்தான், வேற எதுவும் வேண்டாம், காரணம் கொஞ்சம் கீழ வருது.

வாங்கினவங்க அதை எப்படிப் படிப்பாங்க?

படத்தை ஜிம்ப்ல திறந்து, கலர்ஸ் மெனுல லெவல்ஸ் போகணும். அங்க இன்புட்டுக்கு ரெண்டு நம்பர் கட்டம் இருக்கும், இடது பக்கம் கறுப்புக்கு, வலது பக்கம் வெள்ளைக்கு. இடதுல 20, வலதுல 21 போட்டா 20-ம் அதுக்குக் கீழயும் இருக்கறது சுத்தக் கறுப்பாயிடும், 21-ம் அதுக்கு மேலயும் சுத்த வெள்ளையாயிடும், எழுத்து பளிச்சுன்னு வந்து நிக்கும். போட்டோஷாப் லெவல்ஸ்ல அந்த ரெண்டு நம்பருக்கும் நடுவுல குறைஞ்சது 2 வித்தியாசம் வைக்கணும், அதனால 20, 22 போடுங்க, எழுத்து சாம்பல் நிறத்துல வரும், படிக்கறதுக்கு அது போதும்.

நம்பர் மறந்துட்டாலும் பரவாயில்ல, ஃபஸி செலக்ட் டூல்ல த்ரெஷ்ஹோல்டை 0-ன்னு வச்சு கறுப்புல ஒரு க்ளிக் பண்ணுங்க, 20 இருக்கற இடம் மட்டும் செலக்ட் ஆகி எழுத்தோட ஓரம் பூரா எறும்பு ஊர்ற மாதிரி கோடு ஓடும். இன்னொண்ணு, படத்தைத் திறக்கும்போது கலர் ப்ரொஃபைலை மாத்தட்டுமா, அப்படியே வைக்கட்டுமான்னு சாஃப்ட்வேர் சில சமயம் கேக்கும். அப்படியே வைங்கறதைத்தான் கொடுக்கணும், மாத்தினா எல்லா நம்பரும் நகர்ந்து போயிடும்.

போட்டோஷாப்ல தமிழ் எழுத்து உடையுது, கொம்பு தனியா நிக்குது, என்ன பண்றது?

ப்ரிஃபரன்சஸ்ல டைப் பகுதிக்குப் போய் வேர்ல்ட் ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுங்க, பழைய வெர்ஷன்கள்ல மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்னு இருக்கும். ஜிம்ப்ல இந்தத் தொல்லை கிடையாது, யூனிகோட் தமிழ் ஃபாண்ட் இருந்தா போதும். நான் நோட்டோ சான்ஸ் தமிழ்தான் பயன்படுத்தறேன். மெல்லிசான ஃபாண்ட் வேண்டாம், புள்ளி காணாம போனா வார்த்தையே மாறிடும்.

நிஜ போட்டோல இதே மாதிரி எழுதினேன், லெவல்ஸ்ல ஒண்ணுமே வரல. ஏன்?

ஏன்னா நிஜ போட்டோல எந்த இடமும் ஒரே நிறம் கிடையாது. கறுப்புப் புடவைன்னு நீங்க நினைக்கற இடத்துல பக்கத்துப் பக்கத்து பிக்சல் 18, 23, 20, 26-ன்னு குதிச்சுக்கிட்டே இருக்கும், கேமரா சென்சார்ல வர்ற இரைச்சல் அது. அதுக்கு நடுவுல ஒரு நம்பர் வித்தியாசம் சந்தைக்கூட்டத்துல முணுமுணுத்த மாதிரி, யார் காதுலயும் விழாது.

இதுக்கு வேற வழி இருக்கு, ஆனா ஒரிஜினல் போட்டோவும் வாங்கறவங்ககிட்ட இருக்கணும். எழுத்தை எழுதிட்டு, அந்த லேயர் மேல லேயர் மெனுல ட்ரான்ஸ்பரன்சி உள்ள ஆல்ஃபா டு செலக்ஷன் கொடுங்க, எழுத்து வடிவம் செலக்ஷனா மாறும். எழுத்து லேயரை அழிச்சுட்டு, போட்டோ லேயர்ல இருந்துக்கிட்டு லெவல்ஸ் போய், இப்போ இன்புட்டை விட்டுட்டு கீழ அவுட்புட்ல முதல் கட்டத்துல 0-க்குப் பதிலா 3 போடுங்க. செலக்ஷனுக்குள்ள இருக்கற இருட்டுப் பகுதி மட்டும் ரெண்டு மூணு நம்பர் மேல ஏறும். வெளிச்சமான இடத்துல ஏறவே ஏறாது, அதனால நிழல் விழுந்த இடமா பாத்து எழுதுங்க. பிஎன்ஜியா சேவ் பண்ணி அனுப்புங்க. வாங்கினவங்க அந்தப் படத்து மேல ஒரிஜினலை இன்னொரு லேயரா போட்டு, லேயர் மோடை டிஃபரன்ஸ்னு மாத்தினா ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கறதெல்லாம் கழிஞ்சு கறுப்பாயிடும், மீதி நிக்கறது எழுத்து மட்டும்தான். அதுவும் ரொம்ப மங்கலாத்தான் இருக்கும், தெரியற எல்லாத்தையும் ஒரே லேயராக்கிட்டு லெவல்ஸ்ல வெள்ளை முக்கோணத்தை இடது ஓரம் வரைக்கும் இழுத்தா வந்துடும். இந்த முறையில ஒரிஜினல் போட்டோதான் சாவி. லெவல்ஸ்ல இழுத்தும் பார்க்க முடியாது, யூகிக்கவும் முடியாது, அந்தப் போட்டோ கைல இருக்கணும்.

ஜேபெக்கா சேவ் பண்ணா என்ன ஆகும்?

என் அக்கா கல்யாண நாளுக்கு மேல சொன்ன மாதிரி ஒரு கார்டு செஞ்சேன், அம்மா அவளைச் சின்ன வயசுல கூப்பிடற பேரை அதுல மறைச்சு வச்சேன், சேவ் பண்ணும்போது பழக்க தோஷத்துல ஜேபெக் கொடுத்துட்டேன். அவ போன்ல பேசிக்கிட்டே, நான் சொல்லச் சொல்ல லெவல்ஸ்ல நம்பரைப் போட்டா. "டேய், கட்டம் கட்டமா ஏதோ வருது, எழுத்தே இல்லையே"ன்னா. அவ அனுப்பின ஸ்க்ரீன்ஷாட்டைப் பாத்தேன், எழுத்து இருக்க வேண்டிய இடத்துல சதுரம் சதுரமா வெள்ளைத் திட்டு, ஒவ்வொரு சதுரமும் 8-க்கு 8 பிக்சல். எனக்கு அன்னைக்கு ரொம்ப வருத்தமா போச்சு, ஆனா ஜேபெக் என்ன பண்ணுதுன்னு அந்த ஒரு படத்துலதான் நல்லா புரிஞ்சது.

ஜேபெக் படத்தை 8-க்கு 8 கட்டமா வெட்டிக்கும். ஒவ்வொரு கட்டத்துலயும் இருக்கற ஏற்ற இறக்கத்தைக் கணக்குப் போட்டு, கண்ணுக்குத் தெரியாத நுணுக்கத்தையெல்லாம் தூக்கி எறிஞ்சுட்டு மீதியை மட்டும் சேமிக்கும், அதனாலதான் ஃபைல் சின்னதாகுது. கண்ணுக்குத் தெரியாத நுணுக்கம்னா நாம ஒளிச்சு வச்ச எழுத்தேதான். பிஎன்ஜி அப்படி எதையும் எறியாது, ஒரு நம்பர் கூட மாறாம திருப்பிக் கொடுக்கும், பிஎம்பியும் அப்படித்தான். ஒரு தடவை ஜேபெக்கா போயிட்டு வந்த படத்தைத் திரும்ப பிஎன்ஜியா மாத்தினாலும் போனது போனதுதான்.

வாட்ஸாப்ல அனுப்பலாமா?

போட்டோவா அனுப்பினா அது சைஸைக் குறைச்சு ஜேபெக்கா மாத்தித்தான் அனுப்பும், எழுத்து அழிஞ்சிடும். டாக்குமெண்ட்டா அனுப்புங்க, அப்படியே போகும். டெலிகிராம்லயும் ஃபைலா அனுப்பணும். மெயில் அட்டாச்மெண்ட், கூகுள் ட்ரைவ், பென் ட்ரைவ் எல்லாம் பிரச்சனை இல்ல. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்ல போஸ்ட்டா போட்டா உயிரோட போய்ச் சேராது.

ஒரு வரி இல்ல, பக்கம் பக்கமா மறைக்கணும். எவ்வளவு கொள்ளும்?

அதுக்கு எழுத்தைப் படமா வரையாம, எழுத்தோட பிட்டுகளையே, அதாவது கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கற 0, 1-களையே, பிக்சல் நம்பருக்குள்ள வைக்கணும். கடைசி பிட் முறைன்னு சொல்வாங்க. உதாரணத்துக்கு "த" எழுத்தை எடுத்துக்கோங்க. கம்ப்யூட்டர் எழுத்தை நம்பரா மாத்தற யூடிஎஃப் 8 முறையில அது மூணு பைட், 224, 174, 164, ஒரு பைட்னா 8 பிட். பிட்டா எழுதினா 11100000 10101110 10100100. மொத்தம் 24 பிட். ஒரு பிக்சல்ல சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு இடம் இருக்கறதால 24 பிட்டுக்கு 8 பிக்சல் வேணும், ஒரு "த"-வுக்குச் சரியா 8 பிக்சல், மிச்சமே இல்ல.

வைக்கறது எப்படின்னா, பிட் 1-ன்னா அந்த நம்பரை ஒற்றைப்படை ஆக்கணும், 0-ன்னா இரட்டைப்படை ஆக்கணும், அவ்வளவுதான் விஷயம். முதல் பிக்சல் 112, 87, 64-ன்னு வைங்க, முதல் மூணு பிட் 1, 1, 1. அப்போ 112 வந்து 113 ஆகும், 87 ஏற்கனவே ஒற்றைப்படை, அதைத் தொட வேண்டாம், 64 வந்து 65 ஆகும். அடுத்த பிக்சல் 113, 88, 64, அடுத்த மூணு பிட் 0, 0, 0. 113 மட்டும் 112-க்கு இறங்கும், மத்த ரெண்டும் அப்படியே. பாதி இடத்துல மாத்தவே தேவைப்படாது, மாத்தற இடத்துலயும் ஒண்ணே ஒண்ணுதான்.

இப்போ கொள்ளளவு பாருங்க. 1000-க்கு 1000 பிக்சல் படத்துல 30 லட்சம் பிட், அதாவது 3,75,000 பைட். தமிழ்ல "த" மாதிரி அகர எழுத்துக்கு 3 பைட், "தி", "த்" மாதிரி எழுத்துக்கு 6 பைட். திருக்குறள்ல மொத்தம் 42,194 எழுத்துன்னு கணக்கு சொல்வாங்க. எல்லாத்துக்கும் 6 பைட்டுன்னே வச்சாலும் 2,53,164 பைட்தான் ஆகுது, வார்த்தைக்கு நடுவுல இடைவெளி எல்லாம் சேத்தாலும் மூணு லட்சத்தைத் தொடாது. அதாவது உங்க போன்ல எடுத்த போட்டோவைச் சின்னதாக்கி ஒரு சதுரமா வெட்டினா கூட அதுக்குள்ள 1330 குறளும் உக்காந்துடும், பாக்கறவங்களுக்கு வெறும் போட்டோ.

இதைக் கையால செய்ய முடியாது, ஒவ்வொரு பிக்சலா மாத்திக்கிட்டு உக்கார முடியுமா. ஜாவால ஓடற ஓப்பன்ஸ்டெகோ இலவசம், பிஎன்ஜியா கொடுக்கும். ஸ்டெக்ஹைடும் இலவசம், ஆனா அது ஜேபெக், பிஎம்பி படத்துக்குத்தான், பிஎன்ஜியை எடுக்காது, பாஸ்வேர்டு வாங்கி முதல்ல பூட்டி அப்புறம் ஒளிக்கும். மேல ஜேபெக் எழுத்தை அழிச்சிடும்னேனே, இது எப்படின்னு கேப்பீங்க. ஸ்டெக்ஹைட் பிக்சல்ல வைக்காது, ஜேபெக் கணக்குப் போட்டு முடிச்ச பிறகு மிஞ்சற நம்பர்கள்ல வைக்கும், அதனால சேவ் பண்ணும்போது அழியாது. ஆனா யாராவது அந்தப் படத்தைத் திரும்ப ஒரு தடவை ஜேபெக்கா சேவ் பண்ணா அதுவும் போயிடும். போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேருக்கு இதுல இருக்கற வேலை, நல்ல படமா தயார் பண்ணிக் கொடுக்கறது.

நல்ல படம்னா எப்படி?

கடைசி பிட் முறைக்கு நிறைய நுணுக்கம் இருக்கற படம். புல், மணல், மரப்பட்டை, கூட்டம், பட்டுப்புடவை நெசவு, இதெல்லாம் அருமை. தெளிஞ்ச வானம், வெள்ளைச் சுவர், கார்ட்டூன், லோகோ எதுவும் கூடாது, அங்க பிட் மாறினா தனியா தெரிஞ்சிடும். நீங்களே எடுத்த போட்டோவா இருக்கணும். நெட்ல கிடைக்கற படத்தை எடுத்தீங்கன்னா ஒரிஜினல் எல்லாருக்கும் கிடைக்கும், ரெண்டையும் டிஃபரன்ஸ்ல போட்டா ஒரு நிமிஷத்துல வெளிச்சம். ஒரே போட்டோவை ரெண்டு செய்திக்குப் பயன்படுத்தாதீங்க, அதுலயும் இதே ஆபத்துதான்.

கண்டுபிடிக்கவே முடியாதா?

முடியும், கடைசி பிட் முறையைக் கண்டுபிடிக்கறது ஒண்ணும் கஷ்டமில்ல. சாதாரண போட்டோல 112 எத்தனை இடத்துல இருக்கு, 113 எத்தனை இடத்துல இருக்குன்னு எண்ணினா ரெண்டும் வேற வேற எண்ணிக்கையா இருக்கும். ஆனா நாம பிட் வச்ச படத்துல 112 பாதி 113 ஆகும், 113 பாதி 112 ஆகும், கடைசில ரெண்டும் கிட்டத்தட்ட சமமாயிடும். இந்தச் சமம்தான் காட்டிக் கொடுக்கும். இதைக் கணக்கா வச்சு கண்டுபிடிக்கற வழியை வெஸ்ட்ஃபெல்ட், ஃபிட்ஸ்மன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1999-ல கொடுத்தாங்க, அப்புறம் வெஸ்ட்ஃபெல்டே 2001-ல எஃப்5-ன்னு வேற ஒரு மறைக்கற முறையையும் கொண்டு வந்தார். குறைவா மறைச்சா கண்டுபிடிக்கறது கஷ்டம், நிறைய திணிச்சா சுலபம்.

நீல்ஸ் ப்ரோவோஸ், பீட்டர் ஹனிமேன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2001-ல ஈபேங்கற விற்பனைத் தளத்துல இருந்து 20 லட்சம் படத்தை எடுத்து சோதிச்சுப் பாத்தாங்க, மறைஞ்ச செய்தி ஒண்ணு கூட கிடைக்கல. ஆனா யாருமே பயன்படுத்தறதில்லன்னு நினைக்க வேண்டாம். அமெரிக்காவுல 2010-ல ரஷ்ய உளவாளிங்கன்னு பத்து பேரைப் பிடிச்சாங்களே, அவங்க இணையத்துல போடற படங்களுக்குள்ளதான் செய்தியை மறைச்சு வச்சாங்க. எஃப்பிஐ அவங்க வீட்டைச் சோதனை போட்டப்ப ஒரு காகிதம் கிடைச்சது, எந்தெந்த கீயைச் சேத்து அழுத்தணும்னு எழுதி, கூடவே 27 எழுத்து பாஸ்வேர்டும் இருந்தது. அதை வச்சு நூத்துக்கும் மேல டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்துட்டாங்க.

ஆதார் போட்டோல நம்பரை போன் பேனாவால கறுப்படிச்சு அனுப்பறேன், அது மறைஞ்ச மாதிரிதானே?

இல்லைங்க. தயவு செஞ்சு இதை மட்டும் கவனமா படிங்க, மேல சொன்ன எல்லாத்தையும் விட இதுதான் தினமும் நடக்கற விஷயம். போன்ல எடிட் பண்ணும்போது நிறைய பேர் ஹைலைட்டர் பேனாவைத்தான் எடுக்கறாங்க, அது முழுக் கறுப்பு கிடையாது, லேசா ஊடுருவும். நாலஞ்சு தடவை தேய்ச்சா கண்ணுக்குக் கறுப்பா தெரியும், ஆனா கீழ இருக்கற ஆதார் எழுத்தோட பிக்சல் 3-ன்னும், பக்கத்துல இருக்கற காகிதத்தோட பிக்சல் 9-ன்னும் நிக்கும். முதல்ல நாம செஞ்ச கறுப்பு கார்டும் இதுவும் ஒண்ணுதான், என்ன, அங்க நாம வேணும்னே செஞ்சோம். அதே லெவல்ஸைத் திறந்து வெள்ளை முக்கோணத்தை இழுத்தா 12 நம்பரும் படிக்கலாம். தெரிஞ்ச ஒருத்தர் வீட்டு வாடகைக்குக் கொடுத்த ஆதார் படத்தை அவர் முன்னாடியே இப்படித் திறந்து காட்டினேன், அவர் முகம் மாறினது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

மங்கலாக்கறதும், சுழட்டி விடறதும் பாதுகாப்பு இல்ல. 2007-ல ஒரு குற்றவாளி தன் முகத்தைச் சுழல் மாதிரி முறுக்கி போட்டோ போட்டிருந்தான், ஜெர்மன் போலீஸ் அந்த முறுக்கை அப்படியே திருப்பிப் பிரிச்சு முகத்தை எடுத்துட்டாங்க, இன்டர்போல் அதை உலகம் பூரா வெளியிட்டு அவனைத் தாய்லாந்துல பிடிச்சாங்க. வெட்டி எடுத்தாலும் சில சமயம் போகாது. 2023-ல கூகுளோட பிக்சல் போன்ல படத்தை எடிட் பண்ற மார்க்கப் டூல்ல ஒரு ஓட்டை வெளிய வந்தது, க்ராப் பண்ணின ஸ்க்ரீன்ஷாட் ஃபைலோட வாலுல பழைய படத்தோட மிச்சம் அப்படியே ஒட்டிக்கிட்டு இருந்தது, விண்டோஸ் 11 ஸ்னிப்பிங் டூல்லயும் அதே கதை. அப்புறம் சரி பண்ணிட்டாங்க, ஆனா அதுக்கு முன்னாடி அனுப்பின படங்கள் அனுப்பினதுதான்.

அப்போ என்ன பண்ணணும்னா, செவ்வகம் செலக்ட் பண்ணி முழுக் கறுப்பால நிரப்புங்க, ஃப்ளாட்டன் பண்ணுங்க, புது ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணுங்க, அதை நீங்களே ஒரு தடவை லெவல்ஸ்ல இழுத்துப் பாத்துட்டு அனுப்புங்க. ஆதாருக்குன்னா அதை விட நல்ல வழி, முதல் 8 நம்பர் மறைச்ச மாஸ்க்டு ஆதாரையே அதிகாரப்பூர்வ தளத்துல டவுன்லோட் பண்ணிக்கலாம்.

லேயரை மறைச்சு வச்சா, இல்ல போட்டோவோட விவரத்துல கமெண்ட்டா எழுதினா போதாதா?

போதாது. போட்டோஷாப்போட பிஎஸ்டி ஃபைலைத் திறக்கறவங்க லேயர் பக்கத்துல இருக்கற கண் படத்தை ஒரு க்ளிக் பண்ணா போச்சு. விவரத்துல எழுதறதைப் பல ஆப்புகள் அப்படியே காட்டிடும். ஜேபெக் வாலுல ஜிப் ஃபைலை ஒட்டற பழைய தந்திரமும் இருக்கு, படம் நல்லாவே திறக்கும், ஆனா சின்ன படம் 40 எம்பி இருந்தா யாருக்கும் சந்தேகம் வரும்.

படத்துக்குள்ள வைரஸ் மறைச்சு அனுப்பறாங்களாமே, போட்டோ திறந்தாலே வந்துடுமா?

படத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கறது தானா எழுந்து ஓடாது, அதை எடுத்து ஓட்ட பொதுவா உங்க கம்ப்யூட்டர்ல ஏற்கனவே ஒரு கெட்ட ப்ரோக்ராம் இருக்கணும். 2014-ல ஜீயஸ் வகை பேங்க் வைரஸ் ஒண்ணு தனக்கு வேண்டிய செட்டிங்கை ஒரு சூரிய அஸ்தமனப் படத்துக்குள்ள வச்சு வரவழைச்சுக்கிட்டது. 2018-ல அமெரிக்காவுல ஜெனரல் எலக்ட்ரிக் இன்ஜினியர் ஒருத்தர் கைதானப்பவும், டர்பைன் சம்பந்தப்பட்ட ஃபைல்களை அவர் மறைச்சு தன் சொந்த மெயிலுக்கு அனுப்பினது ஒரு சூரிய அஸ்தமனப் படத்துலதான்னு அரசுத் தரப்பு சொல்லிச்சு.

இது சட்டப்படி குத்தமா?

மறைக்கற கலை குத்தமில்ல, என்ன மறைக்கறீங்கங்கறதுதான் கேள்வி. இந்தியாவுல தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69-வது பிரிவுப்படி அரசாங்கம் முறைப்படி உத்தரவு போட்டு பூட்டினதைத் திறந்து கொடுங்கன்னு கேட்டா உதவணும், மறுத்தா 7 வருஷம் வரைக்கும் சிறைத்தண்டனை இருக்கு.

நல்ல காரியத்துக்கு எங்க பயன்படுது?

போட்டோ எடுக்கறவங்க தங்க பேரைக் கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க்கா வைக்கறாங்க. ஏஐ வரைஞ்ச படம்னு கண்டுபிடிக்க கூகுள் டீப்மைண்ட் 2023-ல சிந்த்ஐடின்னு ஒண்ணு கொண்டு வந்தது, அதுவும் பிக்சலுக்குள்ள ஒளியற குறிதான். இதுல ஒரு அண்ணன் முறை நம்ம ஆஃபீஸ் கலர் லேசர் ப்ரிண்டர்லயும் இருக்கு. பல மாடல்கள்ல ஒவ்வொரு பக்கத்துலயும் பொடி மஞ்சள் புள்ளியா சீரியல் நம்பரும் தேதியும் அச்சாகும், 2005-ல டிஜிட்டல் உரிமைகளுக்காகப் போராடற ஈஎஃப்எஃப் அமைப்பு ஜெராக்ஸ் டாக்குகலர் ப்ரிண்டரோட புள்ளிகளைப் படிச்சுக் காட்டிச்சு. 2017-ல அமெரிக்காவுல கசிஞ்ச ஒரு ரகசிய ஆவணத்தோட ஸ்கேன்ல நிறத்தைத் திருப்பிப் போட்டுப் பாத்தவங்க, அது மே 9-ம் தேதி காலைல 6.20-க்கு அச்சானதுன்னு புள்ளியை வச்சே படிச்சுட்டாங்க. உங்ககிட்ட கலர் லேசர்ல எடுத்த பக்கம் இருந்தா நல்லா ஸ்கேன் பண்ணி, ஜிம்ப்ல நீலச் சேனலை மட்டும் தனியா பாருங்க, மஞ்சள் அதுலதான் கறுப்பா தெரியும்.

மறைச்சு வச்சேன், இப்போ பாஸ்வேர்டு மறந்துட்டேன். எடுத்துத் தர முடியுமா?

பூட்டி மறைச்சிருந்தா என்னால முடியாது, நல்ல பாஸ்வேர்டுன்னா வேற யாராலயும் முடியாது. லெவல்ஸ் முறையில மறைச்சதுன்னா படம் பிஎன்ஜியா இருக்கற வரைக்கும் ஃபஸி செலக்ட் வச்சு எடுத்துடலாம். அக்காவுக்கு அந்தக் கார்டை மறுநாள் பிஎன்ஜியா செஞ்சு டாக்குமெண்ட்டா அனுப்பினேன், நம்பர் எதுவும் சொல்லல, அவளே ஃபஸி செலக்ட்ல க்ளிக் பண்ணி எடுத்துட்டு, பதிலுக்கு வெறும் கறுப்பா ஒரு படம் அனுப்பினா. திறந்து 20, 21 போட்டேன், வரல. 40, 41-ல வந்தது.